ஊட்டும் கையும் உண்ணும் வாயும்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் ஊர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஓர் ஆமைக்குஞ்சு உணவு உண்ணவில்லையே என்று கவலைப்பட்டு ஓர் இரவு முழுவதும் உறங்காமல் கிடப்பேன் என்று எவரேனும் முன்னர் சொல்லியிருந்தால் நகைத்திருப்பேன். ஆயினும் அது நடந்தது. அந்த இரவு என்னுள் எழுப்பிய கேள்வி இன்றளவும் என்னைவிட்டு அகலவில்லை. ஒருவருக்கு நன்மை தருவது இன்னதென்று நமக்குத் திண்ணமாகத் தெரிகிறது. அவரோ அதை ஏற்க மறுக்கிறார். அவரை வற்புறுத்த நமக்கு உரிமை உண்டா? பிள்ளைகளைப் பெற்றவர்களும், மந்தையைக் காக்கும் பொறுப்பில் உள்ள என் போன்றவர்களும் எதிர்கொள்ளாமல் தப்ப முடியாத கேள்வி இது.

நான்காவது குஞ்சு

2016-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பங்குத்தந்தையாகப் பணியாற்றும் என் குருத்துவக் கல்லூரித் தோழருக்குத் துணையாகச் சென்று தங்கியிருந்தேன். குருமனைக்கு அடுத்த வீட்டில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வாழ்ந்து வந்தார். அடிபட்ட காட்டுயிர்களைப் பேணி மீண்டும் காட்டில் விடுவதற்கு முறைப்படி அனுமதி பெற்றவர். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம், சாலையை அகலப்படுத்த மண்ணை வெட்டியபோது வெளிப்பட்ட நான்கு முட்டைகளை யாரோ அவரிடம் கொண்டுவந்து சேர்த்திருந்தனர். நான் போய்ச் சேர்ந்த வாரத்தில் அவை பொரித்தன.

அவை பெட்டியாமையின் முட்டைகள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வாழும் நில ஆமை அது. அதன் அடியோடு இரு பலகைகளாகப் பிரிந்து, நடுவே கீல் வைத்த கதவு போல அசையக் கூடியது. ஆபத்து வரும்போது தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக்கொண்டு அக்கதவுகளை இறுக மூடிவிடும். அதனால்தான் அதற்குப் பெட்டியாமை என்று பெயர். 1979-ஆம் ஆண்டு வட கரோலினா அதைத் தன் மாநிலத்தின் ஊர்வனவாக ஏற்றுக்கொண்டது. முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ்வது அதற்கு இயல்பு. நூறு ஆண்டுகளைக் கடந்தவையும் உண்டு.

ஐம்புலன்களையும் ஆமை போல் அடக்க வேண்டும் என்று வள்ளுவர் நமக்குக் கற்பித்தார். ஆனால் பெட்டியாமையின் குஞ்சுக்கு அந்த அடக்கம் பிறப்பில் வருவதில்லை. அதன் ஓட்டில் கீல் அமைந்து இயங்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை அதனால் தன்னை மூடிக்கொள்ள இயலாது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய அவ்வுயிருக்கு உள்ள ஒரே பாதுகாப்பு ஒளிந்திருப்பதுதான். ஈரச் சருகுகளுக்கு அடியில் அது தன் தொடக்க ஆண்டுகளைக் கழிக்கிறது. காட்டில் நாள்தோறும் நடப்பவர்கள்கூட அதை அரிதாகவே காண்கிறார்கள்.

தாய் ஆமை கோடையின் தொடக்கத்தில் மண்ணைத் தோண்டி மூன்று முதல் ஆறு முட்டைகள் வரை இட்டு, மண்ணால் மூடிவிட்டுச் சென்றுவிடுகிறது. பிறகு திரும்பி வருவதில்லை. குஞ்சுக்கு ஊட்ட எவரும் இல்லை. ஆயினும் படைத்தவர் அதை வெறும் வயிற்றோடு உலகிற்கு அனுப்பவில்லை. முட்டைக்குள் அதை வளர்த்த மஞ்சள் கருவின் மிச்சம், பொரிக்கும்போது அதன் வயிற்றோடு ஒட்டியிருக்கிறது. சில நாள்களில் அது உடலுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. அந்தக் கையிருப்பைக் கொண்டு குஞ்சு பல நாள், சில வேளைகளில் சில வாரங்கள்கூட, எதையும் உண்ணாமல் இருக்க முடியும். தாய் உடன் இல்லை. தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு உடன் இருக்கிறது.

நான்கு குஞ்சுகளில் மூன்று இரண்டு வாரங்களுக்குள் உண்ணத் தொடங்கிவிட்டன. நான்காவது மட்டும் எதையும் தொடவில்லை. அந்நிலையில் ஆசிரியை இரண்டு நாள் வெளியூர் செல்ல வேண்டியதாயிற்று. காலையும் மாலையும் பெட்டிக்குள் தண்ணீர் தெளித்து, உணவு வைத்துவிட்டு வந்தால் போதும் என்று என்னிடம் சொல்லிச் சென்றார்.

நான் அவ்வளவோடு நிற்கவில்லை. முதல் நாள் மாலை அந்த நான்காவது குஞ்சைக் கையில் எடுத்து, ஒரு சிறு புழுத்துண்டை அதன் வாயருகே நீட்டினேன். அது தலையை உள்ளிழுத்துக்கொண்டது. காத்திருந்து மறுபடியும் நீட்டினேன். மறுபடியும் உள்ளிழுத்தது. அன்று இரவு, அது பட்டினியால் இறந்துவிடும் என்ற அச்சத்தால் எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் போய் எடுத்தேன். பகலெல்லாம் ஏழெட்டு முறை எடுத்தேன். ஒரு முறை அதன் வாயை விரல் நகத்தால் திறக்கவும் முயன்றேன். மாலையில் அது என் காலடி ஓசை கேட்ட அளவிலேயே மண்ணுக்குள் புதைந்துகொள்ளத் தொடங்கியது.

ஆசிரியை திரும்பி வந்ததும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சினம் கொள்ளவில்லை. "அதற்குப் பசிக்கவில்லை, தந்தையே, உங்களுக்குத்தான் பொறுக்கவில்லை" என்றார். குருவாகி இத்தனை ஆண்டுகளில் எவரும் எனக்குச் செய்யாத ஆன்ம பரிசோதனையை அந்த ஒரே வாக்கியம் செய்துவிட்டது.

பிறகு அவர் செய்ததை அருகிருந்து பார்த்தேன். வாயைத் திறந்து ஊட்டுவது மென்மையான தாடையைக் காயப்படுத்தும். அச்சத்தை வளர்த்து, வரவிருந்த பசியையும் விரட்டிவிடும் என்றார். ஆகவே அவர் குஞ்சின் வாயை விட்டுவிட்டு, குஞ்சு வாழும் இடத்தைக் கவனித்தார். மண்ணை ஈரமாக்கி, மேலே ஈரப் பாசியையும் சருகுகளையும் பரப்பினார். பெட்டியின் ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் மறு பக்கம் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்கும்படி விளக்கை அமைத்தார். ஒரு மூடியில் குஞ்சு மூழ்காத அளவுக்குத் தண்ணீர் வைத்தார். மழை பெய்த காலைப் பொழுதில்தான் காட்டில் மண்புழுக்கள் வெளிவரும். எனவே காலையில் மழை போலத் தண்ணீர் தெளித்த பின்னரே உணவு வைத்தார்.

உணவையும் தேர்ந்தே வைத்தார். வளர்ந்த பெட்டியாமை பழமும் காளானும் விரும்பி உண்ணும். அதைக் கண்டு குஞ்சுக்கும் பழத்தையும் கீரையையும் நறுக்கி வைப்பவர்கள் உண்டு. குஞ்சின் இயல்போ வேறு. அதன் கண்ணை இழுப்பது அசைவுதான். சிறு மண்புழு, ஓடில்லா நத்தை, ஈரக் கட்டைக்கு அடியில் வாழ்ந்து தொட்டால் உருண்டுகொள்ளும் பூச்சி ஆகியவையே அதற்கு முதல் உணவு. அவற்றுள் சிலவற்றைச் சருகின் ஓரத்தில் விட்டுவிட்டு, அவர் அறையை விட்டே வெளியேறிவிடுவார். நின்று பார்ப்பதில்லை. அரைமணி நேரம் கழித்து வந்து மிச்சத்தை அகற்றுவார்.

பொரித்த இருபத்து நான்காம் நாள் காலையில், சருகைத் தூக்கிப் பார்த்தபோது மூன்று புழுக்களில் ஒன்று இல்லை. அது உண்டதை எங்களில் எவரும் பார்க்கவில்லை.

வற்புறுத்தும் அன்பு

ஆமைக்குஞ்சு மனிதன் அன்று. அதற்குப் பகுத்தறிவும் இல்லை, நன்மை தீமையைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரமும் இல்லை. ஆகையால் அதன் வாழ்விலிருந்து ஓர் அறநெறியை அப்படியே இறக்கிக்கொள்வது முறையாகாது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். விழுங்குதல் என்னும் எளிய உடற்செயலையே ஒரு சிற்றுயிருக்காக நாம் செய்து தர இயலவில்லை என்றால், நம்புதல், மனம் வருந்துதல், மன்னித்தல், அன்பு செய்தல் ஆகியவற்றை மற்றொரு மனிதருக்காக நாம் செய்து தருவது எங்ஙனம்?

நம் வீடுகளிலும் இதைக் காண்கிறோம். அழும் குழந்தையை மடியில் கிடத்தி, கைகால்களை அழுத்திப் பிடித்து, பாலாடையால் கஞ்சியை வாயில் ஊற்றும் தாயின் அன்பை எவர் ஐயுற முடியும்? ஆனால் அழுகின்ற வாயில் ஊற்றியது புரையேறும் என்பதை அந்தத் தாயும் அறிவாள். பின்னர் அதே பிள்ளை வளர்கிறான். எந்தப் படிப்பு, எந்த வேலை, எந்தத் துணை என்று எல்லாவற்றையும் நாமே தீர்மானித்து ஊட்டுகிறோம். செபமாலையையும் அவ்வாறே ஊட்டுகிறோம். அவன் வாயை மூடிக்கொள்ளும்போது, நன்றி கெட்டவன் என்று மனம் நோகிறோம்.

திருச்சபையின் வரலாற்றிலும் இந்தச் சோதனை வந்தது. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த புனித அகுஸ்தீனார், திருச்சபையைவிட்டுப் பிரிந்து நின்ற தொனாத்தியரை அறிவுரையால் மட்டுமே மனம் திருப்ப வேண்டும் என்று தொடக்கத்தில் கருதினார். அரசின் சட்டங்களுக்கு அஞ்சிப் பலர் திரும்பி வந்ததைக் கண்ட பின் அக்கருத்தை மாற்றிக்கொண்டார். கி.பி. 408-ஆம் ஆண்டளவில் எழுதிய ஒரு மடலில் இதை அவரே ஒப்புக்கொள்கிறார். லூக்கா நற்செய்தியில் வரும் விருந்து உவமையில், வீட்டுத் தலைவர் தம் பணியாளரிடம் வழியில் கண்டவர்களையெல்லாம் வற்புறுத்தி அழைத்து வரச் சொல்வதை அவர் இதற்கு ஆதாரமாகக் கொண்டார். அவருடைய நோக்கம் தூயதே. ஆனால் பிற்காலத்தில் மனச்சான்றை நெரித்த பல கைகள் அந்த வாதத்தைப் பற்றிக்கொண்டன.

வியப்பு என்னவெனில், அதே அகுஸ்தீனார்தான் யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை விளக்கும் மறையுரையில் இதற்கு மாற்றும் தருகிறார். ஒருவர் விருப்பமின்றிக் கோவிலுக்குள் வரலாம். விருப்பமின்றிப் பீடத்தை அணுகலாம். ஆனால் விருப்பமின்றி நம்ப இயலாது என்கிறார். அப்படியானால் தந்தை ஒருவரை மகனிடம் ஈர்க்கிறார் என்பதன் பொருள் யாது? ஆட்டுக்குப் பசுந்தழையைக் காட்டினால் அது பின்னே வருகிறது. சிறுவனுக்குக் கொட்டைப் பருப்பைக் காட்டினால் அவன் ஓடி வருகிறான். கயிறு கட்டி எவரும் அவர்களை இழுக்கவில்லை, விருப்பமே இழுக்கிறது. இறைவனின் ஈர்ப்பும் இத்தகையதே என்பது அவர் தரும் விளக்கம். நம்புவது மன விருப்பத்தின் செயல் என்பதால், ஒருபோதும் விசுவாசத்தை ஏற்றிராதவரை அதற்குக் கட்டாயப்படுத்தலாகாது என்று புனித தாமஸ் அக்குவினாரும் கற்பித்தார். 1965-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமய சுதந்திரம் பற்றிய அறிக்கை, விசுவாசத்தை ஏற்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பதைத் திருச்சபையின் போதனையாகத் தெளிவுபட எடுத்துரைத்தது.

நம் வழிபாட்டு முறையிலேயே இது பதிந்திருக்கிறது. நற்கருணை வழங்கும்போது குரு அப்பத்தை உயர்த்திக் காட்டி, இது கிறிஸ்துவின் உடல் என்று அறிவிக்கிறார். அதன் பின் ஒரு நொடி அவரும் காத்திருக்கிறார். வாங்குகிறவர் 'ஆமென்' என்கிறார். அதன் பிறகே கொடுக்கப்படுகிறது. அந்த ஒரு நொடியைக் கடவுளே நமக்காக விட்டு வைத்திருக்கிறார்.

என் குற்றம்

இவற்றையெல்லாம் குருத்துவக் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். ஆயினும் குருப்பட்டம் பெற்ற மூன்றாம் ஆண்டு, எனக்கு முதன்முதலாகத் தரப்பட்ட பங்கில் நான் செய்ததை இங்கு எழுதத்தான் வேண்டும்.

பதினேழு வயது இளைஞன் ஒருவன் இருந்தான். பீடச் சிறுவனாக வளர்ந்தவன். நோயுற்றிருந்த தாய் இறந்ததிலிருந்து ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிட்டான். இரண்டு முறை உபதேசியாரை அனுப்பினேன். "இப்போதைக்கு விட்டுவிடுங்கள், சாமி. பையன் வருகிறபோது வருவான்" என்றார் அவர். எனக்கு அது சோம்பலான பேச்சாகப் பட்டது. அடுத்த ஞாயிறு மறையுரையில், பெயரைச் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படி, தாயின் ஆன்மாவுக்காகச் செபிக்கக்கூட வராத பிள்ளைகளைப் பற்றிப் பேசினேன். உறவினர்கள் தலைகுனிந்தனர். மறு வாரம் அவனை அழைத்து வந்தனர். இரண்டு ஞாயிறுகள் கடைசித் தூணருகே நின்றான். நான் வெற்றி பெற்றதாக மகிழ்ந்தேன். மூன்றாம் ஞாயிறு அவன் வரவில்லை. அதன் பின் நான் அங்கிருந்து மாற்றலாகும் வரை ஒருநாளும் வரவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், கடல் கடந்த ஓர் ஊரில், மண்ணுக்குள் புதைந்துகொண்ட அந்த ஆமைக்குஞ்சைப் பார்த்தபோது எனக்கு அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஓடு மூடத் தெரியாத வயதில் அவன் அடிபட்டிருந்தான்; ஒளிந்துகொள்வது அவனுக்குத் தேவையாயிருந்தது. அவன் தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அவனுள் இருந்தது. அது இருப்பதை நான் நம்பவில்லை. நான் ஊட்டாவிட்டால் கடவுளும் அவனைப் பட்டினி போட்டுவிடுவார் என்பது போல நடந்துகொண்டேன். அவனுக்காக வருந்துகிறேன் என்று எண்ணினேன். உண்மையில், என் கோவிலில் ஓர் இடம் காலியாக இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

காத்திருத்தலின் உழைப்பு

அப்படியானால் கைகட்டி இருந்துவிடலாமா என்று சில வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவரவர் விருப்பம் என்று சொல்லிப் பொறுப்பைக் கைகழுவும் பெற்றோரும் குருக்களும் இன்று குறைவில்லை. பிள்ளை தீய பழக்கத்தில் விழுவதைக் கண்டும் பேசாதிருப்பது சுதந்திரத்தை மதிப்பது ஆகாது, அது அன்பின்மையே.

அந்த ஆசிரியை கைகட்டி இருக்கவில்லை என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். வாரம் ஒருமுறை சிறு தராசில் அக்குஞ்சை நிறுத்து, குறித்து வைத்தார். பொரித்தபோது எட்டு கிராம் இருந்தது. கண்கள் குழிவிழுகின்றனவா, எடை தொடர்ந்து இறங்குகிறதா என்று கவனித்தார். அப்படி நேர்ந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல ஏற்பாடும் செய்திருந்தார். உயிருக்கு ஆபத்து வரும்போது தலையிடுவது வேறு. நம் பதற்றம் தணியத் தலையிடுவது வேறு. கிணற்றில் விழப்போகும் குழந்தையின் கையை இழுத்துப் பிடிப்பவர் அதன் சுதந்திரத்தைப் பறிப்பதில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் எல்லாத் தயக்கத்தையும் கிணற்றடியாகக் காண்பது நம் அச்சத்தின் வேலை. நான் நகத்தால் வாயைத் திறக்க முயன்ற அன்று தராசை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், எடை ஏறக்குறைய அப்படியே இருப்பதை அறிந்திருப்பேன்.

ஆகவே காத்திருத்தல் என்பது ஓர் உழைப்பு. சூழலை வெதுவெதுப்பாக வைக்க வேண்டும். பருவத்திற்கு ஏற்ற உணவைத் தேட வேண்டும். கொரிந்தியருக்குத் திட உணவு தராமல் பால் தந்ததாகப் பவுலடியார் கூறியது இதைப் பற்றியே. நாள் தவறாமல் வைக்க வேண்டும். வைத்துவிட்டு, பார்க்கிற கண்ணையும் சற்றே அகற்றிக்கொள்ள வேண்டும். கடினமானது இந்தக் கடைசிப் பகுதிதான்.

பாலைநிலத்தில் சாவை வேண்டிப் படுத்துக் கிடந்த எலியாவிடம் ஆண்டவரின் தூதர் வந்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. தூதர் அவரைத் தொட்டு எழுப்பி, உண்ணச் சொன்னார். சோர்வு பாவமென்று மறையுரை ஆற்றவில்லை. எலியா உண்டு குடித்து மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதர் அதையும் தடுக்கவில்லை. உறங்க விட்டார், பிறகு இரண்டாம் முறை வந்தார். உயிர்த்த ஆண்டவரும் தம்மைக் கைவிட்டு ஓடிய சீடர்களிடம் கணக்குக் கேட்பதற்கு முன், ஏரிக்கரையில் கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தம் செய்தார். பேதுருவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அவர்கள் உண்டு முடித்த பிறகே.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய சில ஆண்டுகளில், என் முதல் பங்கிற்கே மீண்டும் அனுப்பப்பட்டேன். உபதேசியார் மறைந்துவிட்டிருந்தார். அந்த இளைஞன் இப்போது குடும்பத் தலைவன். கோவிலுக்கு வருவதில்லை. நான் அவன் வீட்டிற்குச் சென்று, அன்று மறையுரையில் பேசியதற்காக மன்னிப்புக் கேட்டேன். அவன் தேநீர் தந்தான், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கோவிலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

ஆண்டுதோறும் கல்லறைத் திருநாள் மாலையில் அவன் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே நின்று, கூட்டமும் குருவும் போன பின் உள்ளே வர முயல்வான் என்றும், அதற்குள் வாயில் பூட்டப்பட்டுவிடும் என்றும் பின்னர் அறிந்தேன். இப்போதெல்லாம் நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைகளை மந்திரித்து முடித்ததும் நான் உடனே குருமனைக்குத் திரும்பிவிடுகிறேன். வாயிலைப் பூட்ட வேண்டாம் என்று கோவில்பிள்ளையிடம் சொல்லி, உள்ளே ஒரு விளக்கையும் எரியவிட்டுச் செல்கிறேன்.

நம் வீடுகளிலும் பங்குகளிலும் ஒளிந்திருக்கும் பிள்ளைகள் பலர் உண்டு. அவர்களுக்காக அப்பத்தை வைத்து, விளக்கை ஏற்றி, கதவைத் திறந்து வைப்போம். எடுத்து உண்ணும் உரிமையை அவர்களுக்கே விட்டுவிடுவோம். உள்ளே பசியை எழுப்புகிறவர் வேறொருவர்.

சென்ற ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் காலை, கல்லறைத் தோட்டத்தின் வழியே நடந்தபோது, அந்தத் தாயின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஒன்று அடிவரை உருகிக் கிடந்தது. முந்தைய நாள் நான் மந்திரித்தபோது அது அங்கு இல்லை. யார் ஏற்றியது என்று நான் எவரிடமும் கேட்கவில்லை.